செசிலிக்கு வலிக்காத மாதங்கள்

ஆம்பூர்,
1928 அக்டோபர் 14, ஞாயிற்றுக்கிழமை.

ரங்கூனில் தோல் கிடங்கில் வேலை பார்க்கும் என் தம்பி இருதயராஜுக்கு, அக்காள் அமிர்தவள்ளி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது.

இந்த இடத்தில் 'இவ்விடம் நாங்கள் எல்லோரும் சுகம்' என்று எழுதுவது என் வழக்கம். நீ கப்பல் ஏறிய நாளிலிருந்து ஐந்து வருஷமாக அப்படித்தான் எழுதி வருகிறேன். இன்றைக்கு அதை எழுதக் கை வரவில்லை. உடனே பதறிப்போய்த் தந்தி அடிக்காதே, யாரும் சாகவில்லை. உன் மகள் ரோசம்மா கொழுகொழுவென்று இருக்கிறாள். போன வாரம் முன்பல் ஒன்று விழுந்தது, அதைக் கையில் வைத்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். எனக்கும் ஒரு குறையும் இல்லை. இந்தக் கடிதம் உன் மனைவி செசிலியைப் பற்றியது.

புதன்கிழமை முதலாளி சர்தார் பாஷா பட்டைக் கிடங்குக்கு வந்திருந்தார். நான் ஆவாரம்பட்டை இடிக்கும் பெண்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா அமிர்தவள்ளி, ஒந்தம்பிக்கு லீவு குடுத்துட்டேன். கிறிஸ்மஸ்க்கு வர்றான், நாலு மாசம் இருப்பான். குஷிதானே?" என்றார். குஷிதான் சாயபு என்று பல்லைக் காட்டினேன். வீட்டுக்கு வந்து செசிலியிடம் சொன்னேன். அவள் முகம் அப்போது மலர்ந்த விதத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நிமிஷமே உனக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னாள். தான் பூரண சுகமாக இருப்பதாக எழுத வேண்டுமாம். மை தீர்ந்துவிட்டது, நாளைக்கு ஆகட்டும் என்று நாலு நாளாகத் தள்ளிக்கொண்டு வருகிறேன். இன்று பூசை முடிந்து வந்து கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குகிறாள். பூசைக்கு அவள் போகவில்லை, நான் போய் வந்ததைச் சொல்கிறேன். ரோசம்மாவைப் பக்கத்து வீட்டு எல்லம்மா கடைத்தெருவுக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். நான் அடுப்பங்கரையில் அரிசிப் பானையின் மேல் பலகையைப் போட்டு எழுதுகிறேன்.

அக்காள் தம்பிக்கு எழுதக்கூடிய விஷயம் இல்லை இது. எழுதச் சொல்ல நமக்குத் தாயும் இல்லை. நீ பிறந்த அன்று உன்னைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றியவள் நான், எனக்கு உன்னிடம் என்ன வெட்கம் என்று மனசைத் தேற்றிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். நீயும் வெட்கப்படாமல் கடைசி வரை படி.

முதலில் அவள் எப்படி இருக்கிறாள் என்று சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வருஷமாக அவள் தானாக எழுந்து நின்றதில்லை. இடுப்பு இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டது. முழங்கால்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதில்லை. கை விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. காலையில் வெயில் நன்றாக ஏறுகிற வரை ஒரு விரலும் மடங்காது. நான் விடிகாலையில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, தலை வாரி, வாயில் ஊட்டிவிட்டு வேலைக்கு ஓடுகிறேன். வேலூர் டாக்டரம்மா கொடுத்த வெள்ளைப் பொடியைச் சாப்பிட்டால் வலி கொஞ்சம் கம்மியாகிறது. ஆனால் காதுக்குள் வண்டு இரைகிறதாம், நாம் பேசுவது கேட்பதில்லை. உனக்கு நான் எழுதியதெல்லாம் 'செசிலிக்குக் கொஞ்சம் வாயுத் தொந்தரவு, இப்போது தேவலை' என்பதுதான். அந்தத் 'தேவலை' நானாகப் போட்டுக்கொண்டது.

கல்யாணமான மறுவருஷமே அவளுக்கு விரல் வீங்க ஆரம்பித்தது உனக்குத் தெரியும். அம்மி இழுக்க முடியவில்லை என்று அழுதாள். கிடங்கில் எல்லோரும் சொன்ன வைத்தியம் பட்டைத் தண்ணீர். விறைத்துப்போன ஆட்டுத் தோலையே துணி மாதிரி ஆக்குகிற தண்ணீர், பத்தொன்பது வயசுப் பெண்ணின் விரலை இளக்காதா என்று நானும் நம்பினேன். தினமும் சாயங்காலம் புதுப்பட்டை ஊறிய தண்ணீர் ஒரு குடம் எடுத்து வந்து, காய்ச்சி, அவள் கையை முழங்கை வரை அதில் வைத்தேன். மூன்று மாதத்தில் வலி ஓடிப்போயிற்று. வீக்கம் வடிந்து விரலில் மோதிரம் ஏறியது. நான் சும்மா இருப்பேனா? ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேன். லைன் வீடுகளிலிருந்து முட்டி வலிக்காரர்கள் எல்லாம் குடத்தோடு வந்து நின்றார்கள். எல்லம்மாவின் மாமியார் இரண்டு காலையும் ஒரு மாதம் ஊறவைத்து முழங்கால் வரை பழுப்பாகிவிட்டாள், வலி மட்டும் அப்படியே இருந்தது.

அதே மாதங்களில்தான் செசிலி வயிற்றில் ரோசம்மா இருந்தாள். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ரோசம்மா பிறந்து ஒரு மாதத்தில் நீ ரங்கூன் போனாய். நீ போகும்போது பார்த்த செசிலி ஓடியாடிக்கொண்டிருந்தாள். நீ போய் இரண்டு வாரம் இருக்கும். பிள்ளை அழுகிறதே என்று தொட்டிலுக்குக் குனிந்தவள், குனிந்தபடியே நின்றாள். கை போகிறது, விரல் பிடிக்கவில்லை. "அண்ணி, பிள்ளைய எடுங்க அண்ணி" என்று கூப்பிட்டாள். நான் எடுத்தேன். அன்றைக்கு எடுத்ததுதான். பட்டைத் தண்ணீரை இரண்டு குடமாக்கினேன், மூன்று குடமாக்கினேன். அவள் கை பதப்படுத்திய தோல் நிறத்துக்கு வந்ததுதான் மிச்சம். பால் கொடுக்க நான் பிள்ளையைத் தூக்கி அவள் மார்போடு பிடித்துக்கொள்வேன். அவள் இரண்டு கையும் பாயில் கிடக்கும்.

அடுத்த வருஷம் வேலூருக்குக் கூட்டிப் போனேன். அந்த வெள்ளைக்கார டாக்டரம்மா நல்ல மனுஷி, தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவார். எல்லா மூட்டையும் தொட்டுப் பார்த்தார், கர்ப்பமாக இருந்தபோது எப்படி இருந்தது என்று அவராகவே கேட்டார். நான் பட்டைத் தண்ணீர்ப் பெருமையைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "தண்ணி இல்லை அம்மா. வயித்துலே பிள்ளை இருக்கும்போது இந்த வியாதி சில பேருக்குத் தூங்கும். ஏன் தூங்குது, எனக்குத் தெரியாது. நான் ரெண்டு மூணு பேர் பார்த்திருக்கேன். பிள்ளை வந்த பிறகு எழுந்துக்கும். ரொம்பக் கோபமா எழுந்துக்கும்" என்றார். இடுப்புக்கும் வியாதி இறங்க ஆரம்பித்திருக்கிறது, இனிமேல் பிள்ளை வேண்டாம், அப்படி ஏதாவது ஆகிவிட்டால் எட்டாம் மாதமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும், இதை வீட்டுக்காரருக்கு நீயே எழுது என்று என்னிடம் சொன்னார். எழுதுகிறேன் என்று தலையாட்டினேன்.

காட்பாடியில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் செசிலி சிரிக்க ஆரம்பித்தாள். "கேட்டீங்களா அண்ணி? பட்டத்தண்ணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிள்ளைதான் மருந்து. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க." மற்றதையும் சொன்னார்களே என்றேன். அது அப்புறம் பார்க்கலாம் என்றாள். குடியாத்தம் தாண்டியபோது சிரிப்பு நின்றது. "இத அவருக்கு எழுதிடாதீங்க அண்ணி. அந்த ஒம்போது மாசந்தான் நான் மனுசியா இருந்தேன். கால்ல வேணா விழறேன்" என்றாள். சொல்லிவிட்டு, "அதுவும் முடியாது, முட்டி மடங்காது" என்று மறுபடி சிரித்தாள். வண்டியில் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் இருவரையும் விசித்திரமாகப் பார்த்தார்கள்.

நான் எழுதவில்லை. அவள் கெஞ்சியதால்தான் எழுதவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இன்று இவ்வளவு தாளை வீணாக்குகிறேன். இருபது வயசில் புருஷனைப் புதைத்துவிட்டு, வெறும் மடியோடு இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள் நான். ரோசம்மா முதன்முதலில் 'அம்மா' என்றது என்னைப் பார்த்து. செசிலியை அவள் 'கட்டிலம்மா' என்று கூப்பிடுகிறாள். அதைக் கேட்டால் தெருவே சிரிக்கும், செசிலியும் சிரிப்பாள். நான் ஒரு நாளும் திருத்தியதில்லை, தம்பி. அந்தக் குழந்தை இரவில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கும்போது, இன்னும் ஒன்று வந்தால் அதுவும் என் மடிக்குத்தான் வரும் என்று நினைத்தேன். சர்வேசுரன் முன்னால் சொல்கிறேன், நினைத்தேன். டாக்டரம்மா சொன்னதை எழுத உட்கார்ந்த போதெல்லாம் அந்த நினைப்பு என் கையைப் பிடித்துக்கொண்டது. 'செசிலி தேவலை, கிறிஸ்துமஸுக்கு அவசியம் வா' என்று எழுதினேன். 1925இல் நீ அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் வந்தாய். விரல் ஏன் இப்படி வீங்கியிருக்கிறது என்று என்னைக் கேட்டாய். பனிக் காலத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நான் சொன்னதும் உனக்கு ஞாபகம் இருக்கும்.

நீ இருக்கும்போதே அவள் உண்டானாள். மார்ச் மாதத்தில் வீக்கம் வடிய ஆரம்பித்தது. நீ போன பிறகு அவள் இருந்த இருப்பை நீ பார்த்திருக்க வேண்டும். காலையில் எனக்கு முன்னால் எழுந்து வாசல் தெளித்தாள். ரோசம்மாவுக்குத் தினமும் இரண்டு தடவை தலை பின்னினாள், குழந்தை அழுதாலும் விடவில்லை. அரைக்க ஒன்றும் இல்லாத நாளில் வெறும் மிளகாயை அம்மியில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தாள். எதற்கடி என்றால், "சும்மா அண்ணி, கை சொன்ன பேச்சு கேக்குது" என்றாள். ஐந்து மாத வயிற்றோடு பட்டைக் கிடங்குக்கு எனக்குச் சோறு கொண்டுவந்து, பட்டைக் குவியல் மேல் ஏறி நின்று பெண்களைக் கேலி செய்தாள். நான் கத்திக் கூப்பாடு போட்டு இறக்கினேன். உன்னிடம் அவள் கையால் எழுதிய கடிதங்கள் இருக்கும். வைத்திருந்தால் எடுத்துத் தேதியைப் பார். எல்லாம் அந்த ஆறு ஏழு மாதத்தில் வந்தவை. அவள் கையெழுத்தில் வேறு காலத்தில் ஒரு வரி கூட உனக்கு வந்திருக்காது.

எட்டாம் மாதம் அவளை வேலூருக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு நாளும் இருந்தது. ஆனால் அந்த டாக்டரம்மா முகத்தில் எப்படி விழிப்பது? எழுதுகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தவள், வயிற்றோடு கூட்டிப் போய் நின்றால் என்ன கேட்பார்? இந்த வெட்கத்துக்காக இன்று போகலாம், நாளை போகலாம் என்று தள்ளினேன். அவள் வேறு நன்றாக நடக்கிறாள், உட்காருகிறாள், இடுப்பு சரியாகிவிட்டது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். வலி போயிருந்தது, பிடிப்பு போகவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

வலி எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. மருத்துவச்சி வந்து பார்த்தாள். காலை விலக்கச் சொன்னாள், விலகவில்லை. நானும் எல்லம்மாவும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தோம். அதை எழுத மாட்டேன். வெள்ளிக்கிழமை முழுக்கப் பிள்ளை உயிரோடு இருந்தது, என் உள்ளங்கையில் அது உதைத்தது. அன்றைக்கே வண்டி கட்டியிருந்தால் கிடைத்திருக்கும். சனிக்கிழமை மதியம்தான் ரயில் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் ஆயுதம் போட்டு எடுத்தார்கள். ஆண் பிள்ளை. உன் நெற்றி. மூச்சு இல்லை. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை என்று சாமியார் கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் கொடுக்கவில்லை, சுவருக்கு வெளியே வைத்தோம். உனக்கு நான், 'பிள்ளை தங்கவில்லை, தேவ சித்தம்' என்று எழுதினேன். வருகிற செவ்வாய்க்கிழமை இரண்டு வருஷம் ஆகிறது. அது தேவ சித்தம் இல்லை. என் வேலை.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். செசிலி உடம்பில் ரத்தம் இல்லை, இடுப்பு பூட்டிக்கொண்டது, அடுத்த முறை என்றால் வயிற்றைக் கிழித்தாலும் தாய் பிழைப்பாள் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அதன் பிறகு மூன்று மாதத்தில் வியாதி திரும்பி வந்து அவளைப் படுக்கையில் போட்டது.

இப்போது நீ வருகிறாய். அவள் என்ன நினைக்கிறாள் என்று என்னிடம் ஒளித்து வைக்கவில்லை. டாக்டரம்மா சாவாய் என்று சொல்லவில்லை, பிழைப்பாய் என்று சொல்ல முடியாது என்றுதான் சொன்னார் என்கிறாள். வக்கீல் வீட்டில் பிறந்திருக்க வேண்டியவள். வியாழக்கிழமை நான் அவளோடு சண்டை போட்டேன். உனக்குப் பைத்தியமா, அந்தக் குழந்தையை நினைத்துப் பார்த்தாயா என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. "அண்ணி, எனக்கு இருவத்தஞ்சு வயசு. நாப்பது வருசம் இந்தக் கட்டில்ல கெடக்கிறது பெருசா, ஒம்போது மாசம் நடக்கிறது பெருசா? நீங்களே சொல்லுங்க" என்றாள். நான் கொட்டகைக்குப் போய் விறகைப் பிளந்தேன்.

தம்பி, நீ வராமல் இருந்துவிடாதே. இதைப் படித்துவிட்டுப் பயந்து லீவை ரத்துச் செய்தாயானால் உன் முகத்தில் விழிக்க மாட்டேன். வா. வந்து வாசல் பக்கத்து அறையில் படு. பகலெல்லாம் அவளோடு இரு. கஞ்சி ஊட்டு, ஒத்தடம் கொடு, தூக்கிக் கொண்டுபோய் முற்றத்து வெயிலில் உட்கார வை. எனக்கு முதுகு வலி வந்துவிட்டது, இனி நெடுநாள் அவளைத் தூக்க முடியாது. அவள் உன்னைக் கேட்பாள். சிரித்துக் கேட்பாள், அழுது கேட்பாள், அவள் சிரித்தால் நீ எப்படி ஆவாய் என்று எனக்குத் தெரியும். அப்போது இந்தக் கடிதத்தை நினை. சுவருக்கு வெளியே இருக்கிற மேட்டை நான் உனக்குக் காட்டுகிறேன், அதையும் நினை.

அக்காள் எழுதினாள் என்று அவளிடம் சொல்லாதே என்று எழுத வந்தேன். வேண்டாம், சொல். நான்தான் தடுத்தேன் என்று சொல். அவள் வாழ்நாளெல்லாம் என்னைத் திட்டட்டும். உயிரோடு இருந்து திட்டட்டும்.

இன்னொன்று. நாலு மாசம் விருந்தாளி மாதிரி வந்து இருந்துவிட்டுத் திரும்பிக் கப்பல் ஏறுகிற பிழைப்பை விட்டுவிடு. இங்கே கிடங்கில் தோல் தரம் பிரிக்கக் கை தேர்ந்த ஆள் இல்லை என்று சாயபு என்னிடமே சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்டால் கொடுப்பார். அவளுக்கு வலி போன மாதங்கள் நீ பக்கத்தில் இருந்த மாதங்களை ஒட்டித்தான் வந்தன. எது எதற்கு மருந்து என்று அவள் மனசு எப்படிக் கணக்குப் போட்டிருக்கும், யோசித்துப் பார். எனக்கு மாதா மேல் நம்பிக்கை உண்டு, ஆனால் இதில் மாதாவைவிட உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

நாளைக்கு அவள் சொல்லச் சொல்ல அவள் கடிதத்தை எழுதப் போகிறேன். ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன். இது வரை மாற்றியது போதும். அவள் படிக்கத் தெரிந்தவள், எழுதி முடித்ததும் வாங்கிப் பார்ப்பாள். அதை இதோடு சேர்த்து ஒரே உறையில் வைத்துச் செவ்வாய்க்கிழமைத் தபாலில் போடுவேன். இரண்டையும் படி. எதற்குச் செவி கொடுக்க வேண்டும் என்பதை இனி நான் உனக்குச் சொல்ல முடியாது.

சர்வேசுரன் உனக்கு நல்ல சுகத்தையும், இல்லை என்று சொல்லும் பலத்தையும் கொடுப்பாராக.

உன் அக்காள்,
அமிர்தவள்ளி


ஆம்பூர்,
15ஆம் தேதி, திங்கட்கிழமை.

ரோசம்மா அப்பாவுக்கு, செசிலி வணக்கமாய்ச் சொல்லி, அண்ணி எழுதுவது.

தாங்கள் வருகிற செய்தி கேட்டு மிகுந்த சந்தோஷம். நான் பூரண சுகமாக இருக்கிறேன் என்று எழுதச் சொன்னேன். அண்ணி எழுதிவிட்டுப் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள். சரி, அந்த வரி அப்படியே இருக்கட்டும், அடுத்ததைச் சொல்கிறேன்.

மை தீர்ந்துவிட்டது என்று நாலு நாளாகச் சொன்னார்கள். இன்றைக்குப் பார்த்தால் அண்ணியின் விரல் முழுக்க மை, நேற்றைய மை. நான் தூங்குவதாக நினைத்து நேற்று மதியம் உங்களுக்கு என்னவோ எழுதியிருக்கிறார்கள். என்ன எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இதைச் சொல்லும்போது அழுகிறார்கள், எழுத்து கலைந்திருந்தால் மன்னிக்கவும்.

அண்ணி எழுதியதெல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். என்னை ஒரு நாள் கூட அழுக்காக விட்டதில்லை. என் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்தார்கள், அதற்கு நான் எந்நாளும் வருத்தப்பட்டதில்லை. போன பிள்ளைக்கும் அவர்கள் காரணம் இல்லை. எட்டாம் மாதம் வேலூருக்குப் போகலாம் என்று அவர்கள் ஒரு தடவை சொன்னபோது, நான்தான் வேண்டாம் என்றேன். அங்கே போனால் படுக்கையில் போட்டுவிடுவார்கள். நடக்கிற நாளில் ஒரு நாளைக்கூடப் படுக்கையில் விட எனக்கு மனசு வரவில்லை. இதை அண்ணி உங்களுக்கு எழுதியிருக்க மாட்டார்கள், தன் மேலேயே போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அவர்கள் சொல்கிறபடி நடப்பதா, நான் சொல்கிறபடி நடப்பதா என்று நீங்கள் ரங்கூனில் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டாம். வந்து என்னைப் பாருங்கள். ஒரு நாள் முழுக்கக் கூட இருந்து பாருங்கள். அதற்குப் பிறகு உங்கள் இஷ்டம்.

ரோசம்மா சிவப்பு ரிப்பன் கேட்கிறாள். அண்ணிக்கு ஒரு நல்ல கம்பளி வாங்கி வரவும், பனியில் வேலைக்குப் போகிறார்கள். எனக்கு ஒன்றும் வேண்டாம்.

நீங்கள் வருகிற அன்று உங்களைக் கூப்பிட நான் ஸ்டேஷனுக்கு வர முடியாது. ஈஸ்டர் கழித்து நீங்கள் திரும்பிப் போகும்போது, போன தடவை வந்தது போல, உங்கள் கூடவே நடந்து வந்து வண்டி ஏற்றிவிடுகிறேன். அதற்கு மட்டும் மனசு வையுங்கள்.

இப்படிக்கு,
செசிலி

(கையெழுத்துக்குப் பதிலாக விரல் வைத்திருக்கிறாள்.)